முதுகு சொறிதலில் திசைச் சிக்கல்: ஓர் ஆய்வு

முதுகு அரிப்பது ஒருவருக்கு. அதைத் தீர்க்க இருவர் வேண்டும். அரிப்பவருக்கு இடம் தெரியும், கை எட்டாது. சொறிபவருக்குக் கை எட்டும், இடம் தெரியாது. இடையில் இருப்பது மொழி மட்டுமே. அந்த மொழியோ நம் வீடுகளில் "மேலே, கீழே, பக்கத்துல, ஐயோ அங்க இல்ல" என்பதோடு நின்றுவிட்டது.

"மேலே" என்பதையே எடுத்துக்கொள்வோம். நிற்பவருக்கு அது பிடரிப் பக்கம். குப்புறப் படுத்திருப்பவருக்கு விட்டத்தின் பக்கம். "மேலே" என்றதும் சொறிபவர் கையைத் தூக்கிவிட்டால் குற்றம் அவருடையதன்று. உடற்கூற்றியலார் இதற்குத் தீர்வு கண்டுவிட்டனர். ஆள் எப்படிக் கிடந்தாலும் சரி, நிமிர்ந்து நின்று, முகமும் உள்ளங்கைகளும் முன்னோக்கி இருப்பதாகவே கொள்ள வேண்டும். பிறகு தலைப்பக்கம் சுப்பீரியர், பாதப்பக்கம் இன்ஃபீரியர்; உடலின் நடுக்கோட்டை நெருங்கினால் மீடியல், விலகினால் லேட்டரல். 1895இல் பாசெல் நகரில் கூடிய அறிஞர்கள், புழக்கத்திலிருந்த சுமார் 50,000 உடற்கூற்றுப் பெயர்களை ஐயாயிரத்துச் சொச்சமாகச் சுருக்கினார்கள். அந்தக் கூட்டத்தில் யாருக்கும் முதுகு அரிக்கவில்லையா என்பது தனி ஆய்வுக்குரியது.

வலம், இடம் இரண்டும் எப்போதும் உடலுக்குரியவருடையவை. எதிரே நிற்கும் மருத்துவருக்கு அவை மாறித் தெரியும். பின்னால் நிற்கும் சொறிபவருக்கு மாறாது. இவ்வளவு சலுகை இருந்தும் கை தவறான பக்கம் போவது வியப்பே.

ஆயினும் அரிப்பவரை முழுக்க நம்பிவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டில் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர் என்ற ஜெர்மானியர் காம்பஸின் இரு முனைகளையும் தோலில் வைத்துச் சோதித்தார். விரல் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டாலே இரு முனைகள் என்று தெரிந்துவிடும். முதுகிலோ சுமார் 4 சென்டிமீட்டர் வேண்டும்; அதற்குக் குறைந்தால் இரண்டும் ஒன்றே. இப்படிப்பட்ட தோலை வைத்துக்கொண்டு ஒருவர் "இங்கேதான்" என்று அடித்துச் சொல்வது பெருந்துணிச்சல்.

எனினும் அடையாளக்கோடு ஒன்று உண்டு. கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது தோள்பட்டை எலும்புகளின் கீழ்முனைகளை இணைத்துக் கோடு போட்டால், அது மார்புப் பகுதியின் ஏழாம் முள்ளெலும்பை ஒட்டிப் போகும். "ஏழிலிருந்து இரண்டு விரற்கடை சுப்பீரியர், வலப்பக்கம் ஒரு விரற்கடை லேட்டரல்" என்று சொன்னால் போதும். சொல்லி முடிப்பதற்குள் அரிப்பு இடம் மாறிவிடும் என்ற எதிர்வாதத்துக்கு எம்மிடம் பதில் இல்லை.

ஆகவே எமது தீர்ப்பு: முதுகு முழுவதையும் சொறிந்துவிடுவதே சிக்கனம். சொறிபவர் நகம் வெட்டிக்கொண்டு வரவும்.