படம் காட்டுகிறவர்கள்

பணம் கொடுத்தவருக்கே பணம் கேட்டு ஞாபகக் கடிதம் அனுப்புவதைக் காட்டிலும் பெரிய அபசாரம் வியாபார உலகில் இருக்க முடியாது. அந்த அபசாரத்தை, நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த வேளையில், என் பெயரால், என் கையொப்பத்தோடு, என்னுடைய பில் போடும் மென்பொருள் சென்ற வாரம் செய்து முடித்திருக்கிறது. காலைக் காப்பி ஆறுவதற்குள் திருப்பூர்ப் பனியன் கம்பெனி முதலாளி போனில் வந்துவிட்டார். "ஏனுங்க சார், திங்கக்கெழமையே ஜீபே பண்ணிட்டனுங்க. ஸ்கிரீன்ஷாட்டும் போட்டுவுட்டனே, பாக்கலீங்களா? பணம் குடுத்தவனுக்கே நோட்டீசுங்களா?" என்றார். குரலில் மரியாதைக்கு எள்ளளவும் குறைவில்லை; அதுதான் அதிகமாகச் சுட்டது.

இணையவழிப் பணப்பட்டுவாடாச் சேவையை பில் மென்பொருளோடு இணைப்பது எப்படி என்பதை, என்னைப் போல் மொழிபெயர்த்தும் மெய்ப்புத் திருத்தியும் ஜீவனம் செய்யும் அன்பர்களுக்குப் பிரயோஜனப்படும் வகையில் சாங்கோபாங்கமாக எழுதிவிடுவதென்றே இன்று உட்கார்ந்திருக்கிறேன். இணைத்துவிட்டால் பில்லின் அடியில் நீல நிறப் பொத்தான் ஒன்று உதயமாகும். வாடிக்கையாளர் அதை அழுத்தி, யு.பி.ஐ.யோ கார்டோ நெட் பேங்கிங்கோ, தமக்கு இஷ்டமான மார்க்கத்தில் பணம் கட்டுவார். கட்டிய க்ஷணமே வெப்ஹூக் என்னும் தகவல் சேவையிலிருந்து புறப்பட்டு, டீக்கடையில் மாட்டியிருக்கும் பெட்டி வந்த தொகையைக் கூவி அறிவிப்பதைப் போல, இன்ன பில்லுக்கு இன்ன தொகை வந்து சேர்ந்தது என்று மென்பொருளின் காதில் ஓதும். 'செலுத்தப்பட்டது' என்ற முத்திரை பில்லின் மேல் தானாக விழும். ஏற்பாட்டில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை விவரிக்கப் புகுமுன் ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை.

பொத்தானை நாம் யாரும் அழுத்துவதில்லை. பில்லைத் திறந்து பார்த்துவிட்டு, தொகையை மனத்தில் வாங்கிக்கொண்டு, பில்லை மூடிவிட்டு, "ஜீபே நம்பர் இதே நம்பர்தானே சார்?" என்று கேட்டு, அனுப்பி, பச்சை டிக் மறைவதற்குள் அதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் சமர்ப்பித்துவிட்டால் கடன் தீர்ந்தது, ஜன்மம் சாபல்யமாயிற்று. எனக்கு வந்து சேரும் படங்களில்தான் எத்தனை ஜாதி! தொகை தெரியும்படியும், எதை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டுமோ அந்த 12 இலக்க எண் மட்டும் தெரியாதபடியும் சாதுரியமாக வெட்டப்பட்ட படம் ஒரு ஜாதி. ஒரு போனின் திரையை இன்னொரு போனால் எடுத்து, நடுவில் மின்விசிறியின் பிம்பமும் ஓரத்தில் கட்டைவிரலும் விழுந்திருக்கும் படம் மற்றொரு ஜாதி. பணம் போய்க்கொண்டிருக்கிறது, சற்றுப் பொறுங்கள் என்று திரை சொல்லிக்கொண்டிருக்கும்போதே பொறுமையின்றி எடுக்கப்பட்டது இன்னொன்று. மைத்துனரின் கணக்கிலிருந்து பணத்தை அனுப்பிவிட்டுப் படத்தைத் தம் போனிலிருந்து அனுப்புகிறவர் உண்டு. வங்கிக் கணக்கில் நான் ஆயுளில் கேள்விப்பட்டிராத ஒருவரின் பெயரைக் கண்டு, இந்த மகானுபாவருக்கு நான் எதை மொழிபெயர்த்தேன் என்று அரை நாள் யோசித்திருக்கிறேன். மூன்று பில்களுக்கும் சேர்த்து, பைசாவைத் தள்ளி, ரவுண்டாக ஒரு தொகையை அனுப்பிவிட்டு, "கணக்கு சரியா வருதான்னு பாத்துக்குங்க" என்று அந்தப் பாரத்தையும் என் தலையிலேயே வைக்கிறவர்கள் உண்டு. படம் அனுப்பியதை அறிவிக்க ஒரு குரல் செய்தி. குரல் செய்தியைக் கேட்டேனா என்று விசாரிக்க ஒரு போன். அந்தப் போனிலும் "படம் வந்துச்சா?" என்றுதான் கேட்கிறார்களே தவிர, "பணம் வந்துச்சா?" என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. நாமும் யோக்கியம் போல ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி விடுகிறோம். அந்தக் கட்டைவிரல்தான் ரசீது. வீட்டு வாடகையை அனுப்பியதும் வீட்டுக்காரருக்கு நானும் படம் அனுப்புகிறவன்தான். அனுப்பாவிட்டால் அவருக்குக் கோபம் வரும்.

என் மென்பொருளோ படம் பார்க்கும் பாக்கியம் பெறாதது. பொத்தான் வழியாக வராத பணம் அதற்கு வராத பணமே. தவணை தப்பியதும் மேற்படி ஞாபகக் கடிதத்தை, நாமே ஒரு சுபதினத்தில் சொல்லிவைத்த பிரகாரம், அனுப்பிவிட்டு அது தன் காரியத்தைப் பார்க்கிறது.

இனி இணைப்பு. முதலில் பான் அட்டை, வங்கிக் கணக்கு, குறுக்கே கோடு போட்டு ரத்துச் செய்த செக் ஆகியவற்றைச் சமர்ப்பிக்க வேண்டும். பிறகு உங்கள் வலைத்தளத்தில் பணம் திருப்பித் தரும் கொள்கையும், சரக்கை அனுப்பி வைக்கும் கொள்கையும் பிரசுரமாகியிருக்க வேண்டும். ஒற்றுப்பிழை திருத்துகிறவன் எந்தச் சரக்கை எந்த லாரியில் அனுப்புகிறான் என்று கேட்டுப் பயனில்லை, கொள்கை வேண்டும், அவ்வளவுதான். அதன்பின் இரண்டு சாவிகள் கொடுப்பார்கள். இரகசியச் சாவி ஒரே ஒரு தடவைதான் தரிசனம் தரும். தயார் நிலையில் உள்ள இணைப்பாயிருந்தால் தப்பித்தீர்கள்; ஆள் வைத்து நிரல் எழுதினால், இந்தச் சேவைகள் ரூபாயில் பேசாமல் பைசாவில் பேசும் என்று அவரை எச்சரிக்க வேண்டும். ஆயிரம் ரூபாய் வேண்டுமென்றால் 100000 என்று கேட்க வேண்டும். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசாவாக அவதரித்து, 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாக் காசாகிவிட்ட பின், பைசாவுக்கு இப்படியொரு மறுவாழ்வு.

எல்லாம் முடிந்தபின் சோதனை நிலை. 4111 என்று தொடங்கி மீதியெல்லாம் ஒன்றாகவே முடியும் பொய்க் கார்டு எண்ணைப் போட்டால், எவ்வளவு பெரிய பில்லும் கேட்ட மாத்திரத்தில் தீர்ந்துவிடுகிறது. சொன்ன தேதியில், முழுத் தொகையும், படமில்லாமல்! அந்த உலகத்திலேயே நிரந்தரமாகத் தங்கிவிட வழியுண்டா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நிஜ உலகில், தப்பித் தவறி ஒருவர் பொத்தானை அழுத்தினாலும், 10,000 ரூபாயில் என் சேவை நூற்றுக்கு 2 வீதம் 200 ரூபாயும், அந்த 200க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யாக 36 ரூபாயும் பிடித்துக்கொண்டு, 9,764ஐ இரண்டு வேலை நாள் கழித்து, வேறு யாரோ கட்டியதோடு சேர்த்துக் கலந்து அனுப்புகிறது. வங்கியில் வந்த தொகை எந்த பில்லின் தொகையோடும் பொருந்துவதில்லை. கம்பெனிக்காரர்களோ 60,000 ரூபாய் பில்லில் வருமான வரிக்காக 6,000 பிடித்துக்கொண்டு 54,000தான் கட்டுவார்கள். என் பொத்தானுக்கு 60,000ஐத் தவிர வேறு எண் தெரியாது. 2020 ஜனவரி 1 முதல் யு.பி.ஐ.க்கு வணிகரிடம் வங்கிக் கமிஷன் கிடையாது என்று அரசாங்கமே சொன்னபின், பனியன் கம்பெனி முதலாளி என் பொத்தானைப் புறக்கணித்ததில் என்ன தவறு? அவரால் எனக்கு 236 ரூபாய் மிச்சம். இதை அவரிடம் நான் சொல்லப்போவதில்லை.

இணைக்கும் முறையைப் படிப்படியாக எழுத இடமில்லாமற் போயிற்று. இந்தக் கட்டுரைக்கான பில்லைப் பொத்தானோடு ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் பழைய வழக்கப்படி தபாலில் செக் அனுப்பினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.