வினாடிக்கு 60 காக்கா

கேசியோ எக்ஸிலிம் இஎக்ஸ்-எஃப்1 என்ற கேமரா 2008இல் வந்தது. ஒரு வினாடியில் 60 போட்டோ, 12 மடங்கு ஜூம், கூடவே வினாடிக்கு 1200 பிரேம் வீடியோ. அப்போது அமெரிக்காவில் அதன் விலை சுமார் 1000 டாலர். அக்கா மகன் இப்போது அதைப் பழைய சாமான் விலைக்குப் பேசி வாங்கிவந்து, "மாமா, கொஞ்ச நாள் வெச்சிருந்து, தேறுமான்னு பார்த்துச் சொல்லுங்க. தேறலைன்னா திருப்பிக் கொடுத்துடலாம்" என்று என் தலையில் கட்டினான்.

பெரிய எழுத்தில் போடுகிற சமாச்சாரம் அந்த 1200தான். வீடியோ ஓடுவது வினாடிக்கு 30 பிரேமில். ஆகவே 1200இல் எடுத்த ஒரு வினாடி, பார்க்கும்போது 40 வினாடி. ஒரு நிமிஷம் எடுத்தால் 40 நிமிஷம் உட்கார்ந்து பார்க்கவேண்டும். சீரியல்காரர்கள் இதைச் சாதாரணக் கேமராவிலேயே சாதிக்கிறார்கள். படத்தின் அளவுதான் வேடிக்கை: அகலம் 336 புள்ளி, உயரம் 96. ரிப்பன் மாதிரி இருக்கும். நிற்கிற ஆள் அடங்கமாட்டார், படுத்தால் அடங்குவார். எங்கள் வீட்டில் பகலில் படுத்திருப்பவர் பெரியப்பா ஒருவர்தான். அவரை ஸ்லோ மோஷனில் எடுத்துப் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை.

300 பிரேமுக்கு இறங்கிவந்தேன். 512க்கு 384, உருப்படியான செவ்வகம். கடுகு வெடிப்பதை எடுக்கலாம் என்று சமையலறைக்குள் போனால் படம் ஒரே இருட்டு. ஒரு பிரேமுக்கு வினாடியில் 300இல் ஒரு பங்கு நேரம்தானே, அதற்குள் எவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும்? போதாக்குறைக்கு டியூப்லைட் துடிக்கிறது. நம் மின்சாரம் 50 சைக்கிள். பழைய சோக் வைத்த டியூப்லைட் வினாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. இத்தனை வருஷமாக அது நம் கண்ணை ஏமாற்றியது, இந்தக் கேமராவை ஏமாற்ற முடியவில்லை.

அடுப்பு மொட்டைமாடிக்கு ஏறியது. உச்சி வெயில்.

"கடுகு தாளிக்க வெயில் வேணுமாடா? பக்கத்து வீட்டுல பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றாள் அக்கா. தாளித்தாள்.

அந்தப் படத்தை நீங்கள் பார்க்கவேண்டும். ஒரு கடுகு எண்ணெயில் நிதானமாக ஒரு சுற்று வருகிறது. யோசிக்கிறது. எழும்பி, கரண்டிக்கு மேலே சற்று நின்று, பிறகு அக்காவின் கையைப் பார்த்துக் கிளம்புகிறது. அக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அது வந்துகொண்டே இருக்கிறது. ஸ்லோ மோஷனில் சத்தம் பதிவாவதில்லை. அடுத்து அக்கா சொன்னதெல்லாம் பதிவாகாமல் போனதை கேசியோவின் பெருந்தன்மை என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் உண்மையான வித்தை வேறு இடத்தில் இருக்கிறது. பொத்தானைப் பாதி அழுத்தி வைத்தால் கேமரா எடுப்பதும் பழையதைத் தள்ளுவதுமாக இருக்கும். முழுதாக அழுத்தும்போது, அதற்கு முன்னால் நடந்ததும் சேர்த்துக் கிடைக்கும். எல்லாம் முடிந்தபிறகு கையைத் தூக்குகிறவர்களை மனத்தில் வைத்து எவனோ ஒரு ஜப்பான் புண்ணியவான் இதைச் செய்திருக்கிறான். அமாவாசைச் சோற்றுக்குக் காக்கா வந்தது. மாடிப்படி நிழலில் இருந்தபடியே ஜூமில் இழுத்துப் பிடித்தேன். அது கிளம்பியபிறகுதான் அழுத்தினேன். 60 படத்திலும் காக்கா! கால் மடங்குவது, இறக்கை விரிவது, மூக்கில் ஒட்டிய பருக்கை, எல்லாம் 6 மெகாபிக்சலில்.

இதில் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை அழிக்கவேண்டும் என்பது திட்டம்.

"அமாவாசை அன்னைக்கு வந்ததை அழிக்கிறதா? இதுல பாரு, அப்பா முறைக்கிற மாதிரியே இருக்கு" என்றாள் அக்கா. பெரியப்பாவும் எழுந்துவந்து பார்த்து, ஆமாம் என்றார். அப்புறம் எதை அழிப்பது? கேமராவுக்கு ஒரு வினாடி ஆன வேலை எங்களுக்குச் சாயங்காலம் முழுக்க ஆயிற்று. 60ம் அப்படியே இருக்கிறது.

அகலக் கோணம் 36 மில்லிமீட்டர் என்பதால், ஹாலில் குடும்பத்தோடு படம் எடுக்கிறவர் பாத்ரூம் கதவு வரை பின்வாங்கவேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பையனிடம் சொன்ன தீர்ப்பு இது. ஸ்லோ மோஷனுக்காக என்றால் வேண்டாம். இன்று நல்ல கைபேசியே 240 பிரேமை இதைவிடத் தெளிவாக எடுக்கிறது. கேசியோவும் 2018இல் இந்த வகைக் கேமராக்களை விட்டு விலகிவிட்டது, புதிதாகக் கிடைக்காது. காக்காவுக்காக என்றால் தாராளமாக வைத்துக்கொள். பேட்டரி சார்ஜ் நிற்கிறதா என்று மட்டும் பணம் கொடுப்பதற்கு முன்னால் பார்த்துவிடு.