சட்டை மட்டும் கருகட்டும்

கேள்வி: மசாலா தடவிக் கருக்கும் மீனை வீட்டில் செய்தால் ஒரே புகை. மீனும் கசக்கிறது. என்ன வழி?
- வாசகி, லாயாங் லாயாங், ஜொகூர்

பதில்: கருக்க வேண்டியது மீனையல்ல, அதன் சட்டையை! 1980களில் நியூ ஆர்லியன்ஸ் சமையல்காரர் பால் புருதோம் பிரபலமாக்கிய பக்குவம் இது. உருக்கிய வெண்ணெயில் மீனைத் தோய்த்து, பாப்ரிகா, மிளகு, பூண்டுப்பொடி, தைம் எல்லாம் அப்பி, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் போடுவார். வெண்ணெயிலுள்ள பால்சத்தும் மசாலாவும் கறுத்து மேலோடாகும். உள்ளே மீன் வெள்ளை வெளேரென்று சாறோடு இருக்கும். அந்த ருசிக்கு ஊரே அலைந்ததில் மெக்சிகோ வளைகுடாவில் ரெட்ஃபிஷ் மீன் அருகிப்போய், அதைப் பிடிக்க அரசு கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று.

நமக்குப் பண்ணையில் வளரும் சியாகாப் இருக்கிறது, தைரியமாக வாங்குங்கள். விரல் கனத்தில் முள்ளில்லாத துண்டுகளாக்கி, ஈரத்தை ஒற்றி எடுங்கள். கனமான இரும்புத் தோசைக்கல் போதும். நான்ஸ்டிக் வேண்டவே வேண்டாம், அந்தச் சூட்டை அது தாங்காது. ஒவ்வொரு பக்கமும் இரண்டு, மூன்று நிமிடம். ஆழ்ந்த காப்பி நிறம் வந்ததும் திருப்பிவிடுங்கள். கரியாகும்வரை விட்டால் கசக்கத்தான் செய்யும்.

புகையா? அடுப்பைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோங்கள். பூனைக்கு மட்டும் ஓர் ஆளைக் காவல் வையுங்கள்.