கோழிக்கூண்டுக் கடியிலக்கணம்

கோழி வளர்ப்பவர் ஒருநாள் கடிபடுவார் என்பது வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் நூற்பா எழுதி நிறுவ வேண்டிய உண்மை அல்ல. ஒரு பக்கம் ரயில்வே கூட்ஸ் யார்டு, இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், நடுவே ஒண்டுக் குடித்தனம், மாடிப்படிக்கு அடியில் நாலு நாட்டுக்கோழி. இவை கூடிய இடத்தில் கடி தானே விளையும். விளைந்ததை முறையாக வகுத்துரைக்க யாரும் முன்வராததால், தகுதி இல்லாவிட்டாலும் அப்பணியை யாம் மேற்கொண்டோம்.

முதலில் முன்னோர்க்கு வணக்கம். தொல்காப்பியர் மரபியலில் மூங்கா, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இவற்றின் இளமைப் பெயர் குட்டி என்கிறார். மூங்கா என்பது கீரி; வெருகு என்பது காட்டுப்பூனை. அவர் இலக்கணத்துக்காகத்தான் நிறுத்தினார். ஆனால் விடியற்காலையில் கூண்டைத் திறந்து, இறகு மட்டும் கிடக்கக் கண்டவருக்கு அந்த வரிசை போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டிய படங்கள் மாதிரிதான் தெரியும். அணிலை வேண்டுமானால் ஜாமீனில் விடலாம்.

எனினும் கடித்த வாயை வைத்துப் பகுப்பது எம் முறை அன்று. இருட்டில் வாயை யார் பார்த்தது? கடிபட்ட கை அந்நேரம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதே எமக்கு அளவுகோல். அதன்படி கடி நான்கு: துழாவுகடி, தடுகடி, பிடிகடி, உறங்குகடி. நான்கும் வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

துழாவுகடியாவது, அடைக்கோழிக்கு அடியில் முட்டை இருக்கிறதா என்று விளக்கில்லாமல் கைவிட்டுப் பார்க்கும்போது நேர்வது. கடித்தது பெரும்பாலும் பெருச்சாளி. சிமென்ட் தரைக்குக் கீழே வளை தோண்டி வந்து முட்டையையும் குஞ்சையும் கொண்டுபோவதில் அதற்கு நிகர் அதுவே. ஆனால் கடிபட்டவர் சபையில் சொல்வது, "கோயிதான் கொத்திச்சு" என்பது. பெருச்சாளியிடம் தோற்றதைக் காட்டிலும் சொந்தக் கோழியிடம் கொத்து வாங்கியது கௌரவம் போலும். எலி இனத்தால் ரேபீஸ் வருவது மிக அரிது. எலிக்கடிக் காய்ச்சலும் டெட்டனஸும் அப்படி அல்ல. காயத்தைக் கழுவி டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

இவ்வகையின் கிளை பாம்புத்துழாவு. சிந்திய அரிசியும் கம்பும் எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும். சாரையா நல்லதா என்று ஆராய்வது இந்நூலாசிரியருக்கும் தடுக்கப்பட்டது. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே தயாராகிறது. ஆகவே பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டியதில்லை. கடிபட்டவரைக் கொண்டுபோனால் போதும்.

தடுகடியாவது, கோழிக்கும் நாய்க்கும் நடுவில் கையை விடுவது. கொருக்குப்பேட்டையில் பெருவாரியானதும் இதுவே, பெரிதாக எடுத்துக்கொள்ளப்படாததும் இதுவே. காரணம், "நம்ம தெரு நாய்தான், ஒண்ணும் ஆவாது" என்னும் பழைய உரை. அவ்வுரையை மறுக்கும் சான்று பக்கத்துப் பேட்டையிலேயே உண்டு. 2023 நவம்பரில் ராயபுரம் ஜி.ஏ. ரோட்டில் ஒரே நாய் சுமார் 30 பேரைக் கடித்தது. செத்த நாயைப் பரிசோதித்ததில் ரேபீஸ் உறுதியானது. அதுவும் ஏதோ ஒரு தெருவுக்கு நம்ம நாயாகத்தான் இருந்திருக்கும்.

பிடிகடி வீரச்சுவை மிக்கது. ஓட்டுக்கும் பரணுக்கும் இடையில் குடியிருக்கும் மரநாயை, அல்லது யார்டு புதரிலிருந்து வந்த கீரியை, மூலையில் மடக்கிச் சாக்குப்பையோடு பாய்வோர்க்கு உரியது. இரண்டும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. பிடித்தால் வழக்கும் கடியும் ஒருங்கே கிட்டும். மரநாய் நாய் இனம் அல்ல என்று ஆறுதல் கொள்வாரும் உளர். இலங்கையில் கீரிக்கும் மரநாய்க்கும் ரேபீஸ் இருந்தது பரிசோதனையில் உறுதியாகியிருக்கிறது. நாயும் பூனையும் கடித்தால், ஊசியைத் தொடங்கிவிட்டு அவற்றைப் 10 நாள் கவனிக்கும் வழக்கம் உண்டு. காட்டு விலங்குக்கு அந்தக் கணக்கு செல்லாது.

உறங்குகடி, கோடைப் புழுக்கத்தில் தரையில் படுத்தவரின் கால்விரலை எலி சுவை பார்ப்பது. கட்டுவிரியனும் இப்படித்தான் கடிக்கும், தடம்கூடத் தெரியாது. கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுக்கவும்.

சேவல் முள்ளால் குத்துவது கடி ஆகாது, புறனடை. ரேபீஸ் பாலூட்டிகளின் நோய், கோழியால் பரவுவதில்லை.

இனிப் பரிகாரம். இதில் இரு மதம். மசாலா மதத்தார் மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் என்று கோழிக்குப் போக வேண்டியதையெல்லாம் கையில் தடவுவர். அது பிழை. சோப்பு மதத்தார் 15 நிமிடம் சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவுவர். அதுவே எம் மதம். குழாயில் தண்ணீர் வராத நேரமென்றால் டிரம்மிலிருந்து மொண்டு ஊற்றிக்கொண்டே இருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குவோரின் மனதில் இன்னும் தொப்புளைச் சுற்றிய 14 ஊசி நிற்கிறது. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்த மருந்தை இந்தியா 2004-இலேயே கைவிட்டது. இப்போது அரசு மருத்துவமனையில் ரேபீஸ் தடுப்பூசியைத் தோலுக்குள் போடுகிறார்கள்: முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடியானால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் தனி. நோய் வெளிப்பட்ட பின் காப்பாற்ற மருந்தில்லை. கூண்டில் எத்தனை கோழி மிச்சம் என்பதை அப்புறம் எண்ணிக்கொள்ளலாம். முதலில் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அங்கே இந்த ஊசிக்குக் காசு வாங்குவதில்லை.