16,384 அழுத்தங்கள் தந்த வள்ளல்களுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
போர்டு ஆர்ட்டிஸ்ட் (ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்பு வரை),
தஞ்சாவூர்.

பெறுநர்:
உயர்திரு விளம்பரப் பிரிவு மேலாளர் அவர்கள்,
டிராயிங் டேப்லெட் கம்பெனிகள் (அனைத்தும்).

பொருள்: மகளுக்கு முதல் டேப்லெட் வாங்குதல் – அழுத்த நிலைகளை மேலும் உயர்த்தித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

பிளஸ் டூ முடித்த என் மகள் கம்ப்யூட்டரில் படம் வரையப் பழக வேண்டும் என்கிறாள். தங்கள் விளம்பரங்களை ஊன்றிப் படித்தேன். பேனாவை அழுத்துவதை எத்தனை படியாக உணரும் என்ற கணக்கில் 2,048 அழுத்த நிலை என்பது கற்காலம், 4,096 ஏழைகளுக்கு, 8,192 போனால் போகட்டும், 16,384 இருந்தால்தான் கலை என்று தெளிந்தேன். கடை போர்டு எழுதிப் பிழைத்த என் கைக்குத் தெரிந்த அழுத்தம் மூன்றுதான்: லேசாக, அழுத்தி, முதலாளி பின்னால் வந்து நிற்கும்போது. மீதி 16,381 இல்லாமலே ஊரில் பாதிக் கடைகளுக்குப் பெயர் எழுதியிருக்கிறேன். அந்தக் கடைக்காரர்கள் இழப்பீடு கேட்டால் தங்களிடம் அனுப்பிவைக்கலாமா?

ஒன்றை மட்டும் பெட்டியில் அச்சடிக்க இடம் போதவில்லை போலிருக்கிறது. பேனா எவ்வளவு லேசாகப் பட்டால் கோடு விழத் தொடங்கும்? கண் இமையும் முடியிழையும் அந்த முதல் தொடுகையில்தான் வருகின்றன. அதை உணர்கிற பேனாவுக்கு 2,048 நிலையே தாராளம். அழுத்திக் குத்தினால்தான் விழிப்பேன் என்கிற பேனாவுக்கு 16,384 இருந்தும் பயனில்லை. பலகை பிரித்தறியும் நுணுக்கம் அங்குலத்துக்கு 5,080 கோடு என்று வேறு போட்டிருக்கிறீர்கள். மில்லிமீட்டருக்கு 200 ஆகிறது. அரிசியில் பெயர் எழுதுகிறவர்கூட இவ்வளவு கேட்கமாட்டார்.

விளம்பரத்தில் வரும் இளைஞர் திரையின் மேலேயே வரைகிறார். பக்கத்தில் காபி, பின்னால் செடி. திரை இல்லாத பலகை 3,000, 4,000 ரூபாயில் கிடைக்க, திரை வைத்தது நாலைந்து மடங்கு விலை. கை மேஜையில், கண் திரையில் என்று வரைவது முதல் சில வாரங்களுக்குக் கோணல்மாணலாகத்தான் வரும், பிறகு பழகிவிடும். மவுஸ் பிடிக்கும் யாரும் தன் கையைப் பார்த்துக்கொண்டு பிடிப்பதில்லை. இந்த ரகசியத்தை வெளியே விடாமல் காத்துவரும் தங்கள் கட்டுப்பாட்டைப் பாராட்டுகிறேன்.

இந்தப் பலகைகளின் விலை முன்பைவிடக் குறைந்திருப்பதும் தங்கள் கருணையால்தான் என்று நினைத்திருந்தேன். பக்கத்துத் தெருவில் டிசைன் செய்யும் தம்பி வேறு கதை சொல்கிறார். பேனாவுக்கு பேட்டரி வேண்டாம், பலகைக்குள் இருக்கும் கம்பிச்சுருள்களின் காந்தப்புலமே அதற்குச் சக்தி தரும் என்ற நுட்பம் 1983இல் ஜப்பானில் தொடங்கிய வாக்கம் கம்பெனியின் கோட்டையாக இருந்ததாம். அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியான பிறகு, அதுவரை சார்ஜ் போடும் பேனாக்களோடு வந்துகொண்டிருந்த ஷென்சென் நகரத்து ஹுயான் போன்றவர்களும் பேட்டரி இல்லாத பேனாவுக்கு மாறினார்களாம். ஆக, கருணை காட்டியது காலண்டர்.

ஒருவழியாகத் திரை இல்லாத பலகை ஒன்று வந்தது. மகள் வட்டம் போட்டாள், திரையில் முட்டை விழுந்தது. அவள் கையில் குறையில்லை. திரையின் நீள அகல விகிதம் ஒன்று, பலகையின் விகிதம் வேறு. டிரைவர் அமைப்பில் விகிதத்தைச் சரிசெய்ய ஒரே ஒரு டிக் போட வேண்டும். அந்த டிக் இருக்கும் இடத்தைக் கையேட்டில் சொல்லாமல் விட்டதும் படைப்பாற்றலை வளர்க்கத்தான் என்று எடுத்துக்கொள்கிறோம். அடுத்து, கோடு முழுக்க ஒரே தடிமனில் வந்தது. 16,384 அழுத்தமும் ஒட்டுமொத்தமாக லீவில் போயிருந்தன. தம்பி வந்து, யாரோ ஒரு காலத்தில் கணினியில் போட்டிருந்த பழைய டேப்லெட் டிரைவரை நீக்கி, கிரிட்டா என்ற வரைமென்பொருளின் டேப்லெட் அமைப்பில் பேனாவைப் படிக்கும் முறையை விண்டேபிலிருந்து விண்டோஸ் இங்க்குக்கு மாற்றினார். எல்லோரும் பணிக்குத் திரும்பினார்கள்.

கிரிட்டா என்றால் தங்களுக்குத் தெரிந்திருக்காது, விளம்பரத்தில் வராது. கேடிஇ சமூகத்தார் வளர்க்கும் மென்பொருள். தளத்தில் இறக்கிக்கொண்டால் காசு இல்லை. லேயர், விதவிதமான பிரஷ், அனிமேஷன் எல்லாம் உண்டு. நடுங்கும் கோட்டை நிதானப்படுத்தும் வசதியும் உண்டு. நாங்கள் போர்டு எழுதும்போது மணிக்கட்டுக்குக் கோல் முட்டுக்கொடுப்போமே, அந்த வேலை. தாங்கள் பெட்டியோடு "இலவசமாக"த் தரும் மென்பொருள் பல சமயம் சில மாதங்களில் உயிரை விடுகிறது. ஃபோட்டோஷாப்பின் புதிய பதிப்புகள் இனிச் சந்தாவில் மட்டுமே என்று 2013இல் அடோபி அறிவித்தது. ஆண்டுச் சந்தாவை இடையில் நிறுத்தினால் விழும் கட்டணத்தை ஒளித்து வைத்ததாக அமெரிக்க அரசே 2024இல் வழக்குப் போட்டது. புரோகிரியேட் என்ற வரையும் செயலிக்கு ஒருமுறை பணம் கட்டினால் போதும். அதற்கு முன் ஐபேடு, அதற்குத் தனியே ஒரு பென்சில். முதல் கோடு போடுவதற்குள் வீட்டில் நகை குறையும்.

எனவே ஐயா அவர்கள் கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்:

1. அழுத்த நிலைகளை அடுத்த ஆண்டு 32,768 ஆக உயர்த்தவும். அப்போது 8,192 உள்ள பலகைகள் தள்ளுபடிக்கு வரும். எங்களைப் போன்றவர்கள் வாங்கிக்கொள்வோம்.

2. பெட்டியில் பலகையின் அளவைப் பெரிதாகவும், வரையும் பரப்பைப் பொடியாகவும் போடுவதை மாற்றிப் போடவும். மேஜையில் பலகை உட்காருகிறது. கை ஓடுவது அந்தப் பரப்பில்.

3. தேயும் பேனா முனைக்கு மாற்று எத்தனை தருகிறீர்கள், தனியே என்ன விலை என்று சொல்லவும்.

4. விளம்பரத்தில் வரும் டிராகனை வரைந்தவர் எத்தனை வருஷம் பேப்பரும் பென்சிலுமாகப் பழகினார் என்பதை, அழுத்த நிலைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிடவும். அவ்வளவு பெரிய எழுத்துக்குத் தங்களிடம் ஆள் இல்லையென்றால் சொல்லி அனுப்பவும். நான் சும்மாதான் இருக்கிறேன், கூலி பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
போர்டு ஆர்ட்டிஸ்ட்.