பன்றியே, நீ எந்த மண்டலம்?

குன்னம் பக்கத்து மக்காச்சோளக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கினால், விவசாயி முதலில் தேட வேண்டியது தடியை அல்ல, நில அளவைச் சங்கிலியை. 2025 ஜனவரியில் தமிழக அரசு கணக்கை மூன்று மண்டலமாகத் தெளிவாகவே பிரித்துக் கொடுத்துவிட்டது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் நின்றால் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 வரை என்றால் பிடித்துக் காட்டில் விடலாம். 3-ஐத் தாண்டினால் சுடலாம். ஆனால் வனத்துறையினர்தான் சுட வேண்டும். அவர்கள் வந்து சேரும்வரை பன்றியை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்பது விவசாயியின் பொறுப்பு.

மயில் வந்தாலோ பேச்சுக்கே இடமில்லை. தேசியப் பறவை, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்காரர். விதைத்ததைக் கிளறித் தின்றாலும் வணக்கம் சொல்லி அனுப்ப வேண்டியதுதான். அவரைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை. முட்டையை உடைப்பதும் சட்டத்தின் கண்ணில் வேட்டைதான்.

சட்டத்தைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தடை இல்லாவிட்டால் கண்ணியும் அவுட்டுக்காய் வெடியும் எதைத்தான் மிச்சம் வைக்கும்? பன்றிக்கென்று திருட்டுத்தனமாக இழுத்த மின்கம்பியில் மனிதர்களே மாட்டிச் சாகிறார்கள். கம்பிக்கு அட்டவணை படிக்கத் தெரியாது.

ஆக, விதிமுறையைப் பிசகாமல் கடைப்பிடிப்பது பன்றி ஒன்றுதான்: மூன்று மண்டலத்திலும் அது துப்பாக்கியைத் தொட்டதே இல்லை.