லினக்ஸ் எழுந்திருக்க மறுக்கிறதா? முத்துப்பேட்டைவாசிகளுக்குச் சில உபாயங்கள்

துபாயிலிருந்து காக்கா புது லேப்டாப் கொண்டுவந்திருக்கிறார். விண்டோஸ் 11-க்குப் பக்கத்தில் லினக்ஸையும் நேற்றிரவு குடிவைத்தாயிற்று. காலையில் லினக்ஸ் வரவில்லை. பதற வேண்டாம். கீழ்க்கண்டவாறு நடந்துகொண்டால் நிலைமையை முழுசாகக் கெடுத்துவிடலாம்.

முதலாவது, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துத் தொலைக்காதீர்கள். படித்தால் விஷயம் புரிந்துவிடும். ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று வந்தால், லினக்ஸை எழுப்பிவிடும் கிரப் தன் கோப்புகளைத் தேடிக் கிடைக்காமல் நிற்கிறது. பெரும்பாலும் யாரோ பார்ட்டிஷனில் கைவைத்திருப்பார்கள். வெறும் கறுப்புத் திரை என்றால் அநேகமாக கிராபிக்ஸ் கார்டின் சண்டை. கிரப் மெனுவில் ‘இ’ விசையை அழுத்தி, ‘நோமோட்செட்’ என்று ஒரு சொல் சேர்த்தால் பல நேரம் சரியாகிவிடும். நோய் வேறு, மருந்து வேறு. ஆனால் கடைத்தெருத் தம்பியிடம் எல்லாவற்றுக்கும் ஒரே கஷாயம்தான்: “ஃபார்மட் போட்டுடலாம்ணே.”

மெனுவே வராமல் நேராக விண்டோஸ் வருகிறதா? லினக்ஸ் அழிந்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிடுங்கள். கிரப் என்பவர் மதகடியில் நிற்கும் லஸ்கர். எந்த வாய்க்காலுக்கு இன்று முறை என்று பார்த்துப் பலகையைத் தூக்குவது அவர் வேலை. விண்டோஸ் பெரிய அப்டேட் ஒன்று போட்டால், சில சமயம் அவரைக் கூப்பிடாமலே தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். பயாஸுக்குள் போய் பூட் வரிசையில் லினக்ஸை மேலே ஏற்றினால் போதும். ஒரு நிமிட வேலை. அதனால்தான் யாரும் செய்வதில்லை.

அடுத்து, ‘ஷட் டவுன்’ என்றால் அணைந்துவிட்டது என்று மனதார நம்புங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாட்டில் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் கிடக்கும், வட்டின் பிடியை விடாமல். அலையாத்திக் காட்டுக்குப் படகேறிப் போய் எடுத்த படங்களெல்லாம் ‘டி’ டிரைவில் இருக்கும். லினக்ஸ் அதைத் திறந்து காட்டும், எழுத விடாது. அந்த டிரைவைத் தானாகத் திறக்கும்படி எழுதிவைத்திருந்தால் சில நேரம் எமர்ஜென்சி மோடில் கொண்டுபோய் நிறுத்தும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் உண்மையிலேயே அணையும்.

அங்கீகாரம் இல்லாததை எழ விடாத செக்யூர் பூட் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அனுதாபம் காட்டலாம். 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்பு அப்டேட் விட்டது. இரண்டு சிஸ்டம் உள்ள கணினிகளை அது தொடாது என்று சொல்லித்தான் விட்டார்கள். தொட்டது. ‘ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது’ என்ற அறிவிப்போடு பல லினக்ஸ்கள் படுத்துவிட்டன. ஆகவே செக்யூர் பூட்டை யோசிக்காமல் அணையுங்கள். உடனே வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் 48 இலக்கச் சாவி கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் பத்திரமாக இருக்கும். அந்தக் கணக்கோ துபாய்க் கடைப் பையன் அவசரத்தில் தொடங்கிக் கொடுத்ததாக இருக்கும்.

லினக்ஸ் எழுந்த பிறகும் நிம்மதி கிடையாது. கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கும். ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடும். நோன்பு திறக்கும் மாலை ஆறரைக்கு விண்டோஸ் பகல் ஒரு மணி என்று காட்டும். பள்ளிவாசல் பாங்கை நம்புங்கள்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்களுக்கு 2011-இன் வழி இருக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்பில், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இரட்டை பூட் பள்ளிப் பிள்ளைகளின் பையிலேயே வந்து சேர்ந்தது. பாஸ் பக்கம் போகாதவர்களுக்கு அதில் ஒரு கோளாறும் வரவில்லை.

லினக்ஸ் பக்கம் போகத்தான் போகிறேன் என்றால், கைவைக்கும் முன்பே பிட்லாக்கரின் அந்த 48 இலக்கச் சாவியைத் தாளில் எழுதிவையுங்கள். லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவையும் பத்திரப்படுத்துங்கள். மீட்புக்கு அது கைகொடுக்கும். தயவுசெய்து அதை அழித்துவிட்டு மச்சான் கல்யாண வீடியோவை ஏற்றாதீர்கள்.